பொத்தான் புகட்டிய பாடம்

2001ஆம் ஆண்டில் மும்பையிலுள்ள ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வந்தேன். சம்பளப் பட்டியலுக்காக எக்செல் 97இல் மாக்ரோ ஒன்று எழுதி, அதனை இயக்கத் தனிக் கருவிப்பட்டையும் அமைத்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கணக்கு முடிந்துவிடும். அதில் எனக்குச் சற்றே கர்வமும் உண்டு.

ஒருமுறை அக்கோப்பின் பெயரை மாற்றிவிட்டு விடுப்பில் சென்றேன். சம்பள நாளன்று பொத்தான் பழைய பெயரையே தேடிற்று. காணாமல் பிழை காட்டி நின்றது. நண்பர் கையால் கணக்கிட்டு முடிக்க மாலையாகிவிட்டது. ஊருக்கு மணியார்டர் அனுப்பவிருந்த முதிய தொழிலாளி ஒருவர், அஞ்சலகம் மூடியது கண்டு திரும்பினாராம். கேட்டு நாணினேன்.

கருவிப்பட்டை எக்செலின் தனிக்கோப்பில், மாக்ரோவின் பழைய முகவரியோடு தங்கிவிடுகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். கோப்பைத் திறக்கையில் பட்டையை உருவாக்கவும், மூடுகையில் நீக்கவும் கட்டளை எழுதினேன். எக்செல் 2007இல் ரிப்பன் வந்தபோது பழைய பட்டைகள் ‘ஆட்-இன்ஸ்’ பகுதியில் ஒதுங்கின. என் பட்டை அங்கும் பழுதின்றி இயங்கிற்று.

வாடகை வீடுகளில் வாழும் நாம் அறியாததா, அன்பர்களே? புகும்போது விளக்கேற்றுவது போலவே, விடும்போது பெருக்கிச் செல்வதும் கடமையன்றோ!