சிப்பியும் பளிங்கும்

என் மேஜைமேல் இரண்டு கற்கள் இருக்கின்றன. காகிதம் பறக்காமல் இருப்பதற்காக வைத்தவை. ஒன்று அரியலூர்ப் பக்கம் போயிருந்தபோது சுண்ணாம்புக் கல் சுரங்கத்தருகே பொறுக்கியது. மங்கிய பழுப்பு நிறம், தடவினால் சொரசொரக்கும். மற்றது, அக்கா வீட்டுப் பூஜை அறைக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய பளிங்குத் துண்டு. பார்வைக்கு ஒன்று கிராமத்து மாமா, மற்றது பட்டணத்துச் சம்பந்தி.

சிநேகிதர் ஒருவர் கல்லூரியில் புவியியல் சொல்லிக் கொடுக்கிறவர். பொங்கல் கழிந்து ஒருநாள் வந்தவர், இரண்டு கற்களின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு சொட்டு விட்டார். இரண்டும் ஒரே மாதிரி பொங்கி நுரைத்தன.

"இரண்டும் ஒரே சரக்குதான் ஸார், கால்சியம் கார்பனேட். பட்ட பாடுதான் வேறே" என்றார்.

ஏறக்குறைய 7 கோடி வருஷங்களுக்கு முன் அரியலூர் கடலுக்கடியில் இருந்ததாம். செத்த பிராணிகளின் ஓடுகளும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து, மேல் அடுக்கின் பாரத்தில் கீழ் அடுக்கு இறுகிக் கல்லாயிற்று. படிவுப் பாறை. என் கல்லின் ஓரத்தில் ஒரு சிப்பியின் விளிம்பு இன்னமும் தெரிகிறது.

இப்படிப்பட்ட சுண்ணாம்புக் கல்லே பூமிக்குள் ஆழமாக அமுங்கி, வெப்பத்திலும் நெருக்கத்திலும் அகப்பட்டுக்கொண்டால் பளிங்காகிவிடுகிறது. உருமாறிய பாறை. அது உருகுவதில்லை, உருகினால் கதையே வேறு. திடமாக இருந்தபடியே அதன் பொடிப் படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் அத்தனை மெருகு ஏறுகிறது. ஆனால் உள்ளே சிப்பி இருந்திருந்தால் அதன் உருவம் பெரும்பாலும் அழிந்துபோகும்.

எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு நின்றவள் அவள். அதன்பின் பத்து வருஷம் மாமியார் வீட்டில் இருந்தாள். இன்று அவளைப் போல் சிரித்துக்கொண்டு வளைய வருகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. எனக்கோ நாவலாசிரியனின் பேராசை. "அந்த நாளைப் பத்திச் சொல்லேன் அக்கா" என்று வருஷா வருஷம் கேட்பேன். காப்பியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவாள். இந்தப் பொங்கலன்று விடாமல் கேட்டேன்.

"மறைக்கலைடா. நானும் தேடிப் பார்க்கிறேன். ஒண்ணும் அகப்படலை" என்றாள்.

நான் நம்பவில்லை. கோபம்கூட வந்தது. அவள் சொல்லாததையெல்லாம் நானாக இட்டுக்கட்டி, அதற்குள் மூன்று அத்தியாயம் எழுதியிருந்தேன்.

"அந்தச் சிப்பியெல்லாம் எங்கே போயிற்று?" என்று சிநேகிதரைக் கேட்டேன்.

"எங்கே போகும்? அந்தச் சிப்பிதான் ஸார் இந்தப் பளிங்கு."

அன்றிரவு மூன்று அத்தியாயங்களையும் கட்டிப் பரண்மேல் போட்டேன்.

போன மாதம் அக்காவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்திம்பேரின் பெயர். அக்காவின் கை கத்தரிக்காய்க் கூடைமேல் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு விலை கேட்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.