மணலியில் ஐந்து வருடம் நின்ற 37 பெட்டிகள்

2020 ஆகஸ்ட் முதல் வாரத்தை நம் மணலி, திருவொற்றியூர் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த காலம். 4ஆம் தேதி மாலை லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாள்முதல் எனக்குப் பிரெஞ்சு வானொலி கேட்கும் பழக்கம் உண்டு. அன்று இரவு அதைக் கேட்டபோது, பாவம் அந்த ஊர் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் நம் ஊர்ப் பத்திரிகைகளில் அதே சரக்கு மணலியிலும் இருக்கிறது என்று செய்தி வந்தது.

விஷயம் இதுதான். கரூர் நிறுவனம் ஒன்று தென்கொரியாவிலிருந்து இறக்கிய சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டை 2015இல் சென்னை சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அதை 37 கன்டெய்னர்களில் மணலியிலுள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள். நடுவில் மழை வெள்ளத்தில் கொஞ்சம் வீணாகி, மிச்சம் 697 டன். மக்கள் பதறியதும், பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன, ஏலமும் முடிந்துவிட்டது, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பே இல்லை என்று சுங்கத்துறை விளக்கம் சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நேரில் போய்ப் பார்த்தபோது, மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் அதைவிட மிக அருகிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருப்பது தெரிந்தது. ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, முதல் பத்து பெட்டிகள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. மற்றவையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தன.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் என் மனசு வேறொரு இடத்தில் போய் நின்றது. இந்தச் சரக்கை யாரும் ஒளித்து வைக்கவில்லை. பறிமுதல் செய்த காகிதத்தில் இருந்தது, பெட்டக நிலையத்தின் பதிவேட்டில் இருந்தது, வழக்குக் கட்டிலும் இருந்தது. பெய்ரூட்டிலும் அப்படித்தான். இதை இங்கிருந்து அகற்ற உத்தரவு கொடுங்கள் என்று அந்த ஊர் சுங்க அதிகாரிகள் நீதிபதிக்குப் பலமுறை கடிதம் எழுதியிருக்கிறார்கள். தகவல் இல்லாமல் போகவில்லை. ‘இது என் பொறுப்பு, இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்’ என்று ஓர் ஆள் மேல் அது விழவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் காலத்து அலுவலகத்தில் தபால் உள்ளே வந்ததும் எண் போட்டு, அந்தந்த எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் காகிதத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. கண்காணிப்பாளர் தன்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சிவப்பு மையில் ‘ஏன் நிலுவை?’ என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் எழுதுவோம். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். வழக்கு நடக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்ற கோப்புகளைத் தனியாகக் ‘கால் புக்’ என்ற பதிவேட்டில் ஏற்றி, அதையும் தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும் கோப்பைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது அந்த விதியை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ‘எத்தா சிவில்’ பதிவேடு இதற்கும் ஒரு படி மேல். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அதில் பதிவார்கள். இரண்டு மூலப் பிரதிகள் எழுதி, ஒன்று மேரியில் இருக்கும், மற்றது வருட முடிவில் நீதிமன்றத்துக்குப் போகும். ஒருவர் பிறந்த பதிவின் ஓரத்திலேயே பின்னால் அவர் திருமணத்தைக் குறிப்பார்கள், இறப்பையும் குறிப்பார்கள். ஏதாவது திருத்த வேண்டுமானால் பழையதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. எந்த உத்தரவுப்படி மாற்றினோம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1962க்குப் பிறகு பிரெஞ்சு குடியுரிமையையும் பிரெஞ்சு பென்ஷனையும் நிரூபிக்க எத்தனையோ புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த ஓரக் குறிப்புகள்தான் கைகொடுத்தன.

இந்தப் பழங்கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் என் மாப்பிள்ளை. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறார். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, “மாமா, எங்க கம்பெனியோட பழைய ஃபைல் மொத்தத்தையும் ஏஐகிட்ட கொடுக்கப் போறோம். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லும்” என்றார்.

“நல்லது மாப்பிள்ளை. லீவு விதி எத்தனை தடவை மாறியிருக்கும்?” என்று கேட்டேன்.

“அது நாலஞ்சு தடவை மாறியிருக்கும் மாமா.”

“அஞ்சு சுற்றறிக்கையும் உள்ளேதானே கிடக்கும்? எது ரத்தானதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதைத்தான் மாமா இன்ஃபர்மேஷன் கவர்னன்ஸ்னு சொல்றாங்க. அதுக்குன்னு தனியா ஆள் கேட்டிருந்தாங்க, நான்தான் அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்” என்றார்.

பெயர் பெரிதாக இருந்தாலும் சங்கதி நமக்குத் தெரிந்ததுதான். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, யார் பார்க்கலாம், எது நடப்பில் உள்ளது, எதை எப்போது அழிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது. எங்கள் ஸ்டாக் ஃபைலில் புது அரசாணை வந்ததும் பழையதன் மேல் ‘ரத்து’ என்று எழுதுவோம். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் பழையதைப் பார்த்துக் குறிப்பு எழுதிவிடுவார். ஏஐயும் புதிதாகச் சேர்ந்த எழுத்தர்தான். வேகமானவர், களைப்பே தெரியாதவர், ஆனால் பக்கத்து மேஜைக்காரரிடம் சந்தேகம் கேட்கத் தெரியாதவர்.

இதனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கு இருக்கிறது. பாட்டி இறந்த துக்கத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்த ஒருவர், ஏர் கனடாவின் இணையதளத்தில் பதில் சொல்லும் சாட்பாட்டிடம் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். முழுக் கட்டணத்தில் பயணம் செய்துவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்றது அது. அதே இணையதளத்தின் வேறொரு பக்கத்தில், பயணம் முடிந்த பின் சலுகை கிடையாது என்று இருந்தது. பணம் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்றுகூட வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லி, பணத்தைக் கொடுக்க வைத்தது.

அங்கே போனது கொஞ்சம் டாலர். நம் பகுதியில் அப்படி அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. காற்றில் 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. ஆனால் அந்த எண் ஊராருக்குத் தெரிய வந்தபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெருவுக்கு ஓடி வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. அளக்கும் கருவி இருந்தால் மட்டும் போதாது. அளவு மீறினால் அடுத்த நிமிஷம் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தக் காரியத்துக்காக நம் விவரத்தை வாங்கினார்களோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, நிறுவனங்கள் அதை அழித்துவிட வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். எங்கள் எல்.டிஸ்., கே.டிஸ். மறுபடி பிறந்து வந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. செயற்கை நுண்ணறிவுக்கென்று தமிழ்நாடு அரசும் 2020லேயே ஒரு கொள்கை வெளியிட்டது, மணலிப் பெட்டிகள் கிளம்பிய அதே வருடம்.

மாப்பிள்ளை அந்த வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார். முதலில் ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் ஒரு முடிவுத் தேதியும் எழுதச் சொல்லியிருக்கிறாராம். “பாதி ஃபைலுக்கு யாருமே எங்களுதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க மாமா” என்று போனில் அலுத்துக்கொண்டார். அந்தப் பாதியைத்தான் ஏஐ கண்ணில் காட்டக் கூடாது என்றேன்.

நம்மைச் சுற்றி எண்ணெய்த் தொட்டிகளும் ரசாயனக் கிடங்குகளும் கன்டெய்னர் யார்டுகளும் நிறைய. அவற்றின் கணக்கெல்லாம் இன்று கம்ப்யூட்டரில் பத்திரமாகவே இருக்கும். அரசு அலுவலகங்களிடம் இருக்கும் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நாமும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். அப்படி எழுதும்போது, என்ன சரக்கு எத்தனை டன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைக் கடைசியாக எந்த அதிகாரி, எந்தத் தேதியில் பார்த்தார், அடுத்து எப்போது பார்ப்பார் என்றும் ஒரு வரி சேருங்கள்.