மலாக்கா நீரிணைக் கரையில்

நீங்கள் என்றேனும் மலேசியாவின் மலாக்கா நகருக்குச் செல்ல நேர்ந்தால், கடல்மீது தூண்கள் நாட்டி எழுப்பப்பட்டுள்ள நீரிணைப் பள்ளிவாசலில் அஸர் தொழுங்கள். 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளி அது. தொழுததும் புறப்பட்டுவிடாமல் கடலை நோக்கிச் சற்று நில்லுங்கள். தொலைவில் கப்பல்கள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்து செல்லும். நம் மரைக்காயர்களின் மரக்கலங்கள் சென்று வந்த நீர்வழிதான்.

இக்கடலுக்கென மலாக்கா சுல்தான்கள் சட்டநூலே இயற்றியிருந்தார்கள். கரையில் மன்னருக்குள்ள அதிகாரம் கப்பலில் நகுதாவுக்கு உண்டு என்றது அது. (நகுதா என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களுக்கும் உரியதன்றோ!)

அதே கடலில் நடந்ததைக் கேளுங்கள். 1999 அக்டோபர் 22 அன்று, எதிர்க்கரையான சுமத்ராவின் குவாலா தஞ்சோங் துறைமுகத்திலிருந்து 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற கப்பல் சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளுடன் ஜப்பானுக்குப் புறப்பட்டது. சில மணி நேரத்தில் ஆயுதமேந்திய கொள்ளையர் ஏறிவிட்டனர். மாலுமிகள் 17 பேரையும் சில நாட்கள் அடைத்து வைத்து, பின்னர் ஒரு மிதவையில் ஏற்றி நடுக்கடலில் விட்டனர். சுமார் பத்து நாட்கள் அலைகளின் தயவில் கிடந்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் கண்டெடுத்தனர். அனைவரும் பிழைத்தனர். ஆயினும் அந்நாட்களில் அவர்களுடைய வீடுகளில் அடுப்பு எரிந்திருக்குமா? கப்பலில் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலோ 'மெகா ராமா' என்ற புதுப் பெயரும் பெலிஸ் நாட்டுக் கொடியும் பூண்டு அரபிக் கடலுக்கு வந்துவிட்டது. நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் விரட்டிச் சென்று நவம்பர் 16 அன்று அதைப் பிடித்தன. பிடிபடும் தறுவாயில் உள்ளிருந்தோர் கப்பலை மூழ்கடிக்க முயன்றனர் என்பது குற்றச்சாட்டு. ஏழைகளின் படகைக் கொடுங்கோல் மன்னனிடமிருந்து காக்க ஹிள்ரு (அலை) அவர்கள் அதில் ஓட்டையிட்ட வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. செயல் ஒன்றேயாயினும் நோக்கம் எத்துணை வேறு!

இனி நீதிமன்றத்துக்கு வாருங்கள். கப்பலிலிருந்த இந்தோனேசியர் 15 பேருக்கு மும்பை நீதிமன்றம் 2003இல் ஏழாண்டுச் சிறை விதித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அன்று நம் நாட்டில் கடற்கொள்ளைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2022இல்தான் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கடலில் சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கரையிலிருந்து 12 கடல் மைல்வரை அந்தந்த நாட்டின் ஆட்சி. கொள்ளைக் கப்பலை எந்த நாடும் பிடிக்கலாம் என்ற உரிமை அதற்கு அப்பால்தான். நீரிணையோ சிங்கப்பூர் அருகே 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. ஒரு நாட்டு நீரில் திருடியவன் அடுத்த நாட்டு நீருக்குள் நுழைந்துவிட்டால், துரத்தி வந்த காவல் படகு எல்லையில் நின்றுவிட வேண்டும். 2004இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒன்றுபட்டுக் காவல் ரோந்தைத் தொடங்கியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கப்பல்களில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். பள்ளியில் நின்று பார்த்தால் விளக்குகள் மட்டுமே தெரியும். பெயர்களைப் படிக்க இயலாது.