ராத்திரி உறுமலுக்கு மதில் போதாது

மூன்று பக்கமும் வீடுகள் சூழ்ந்த மனையில் வரவிருக்கும் 110/11 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன் ஒன்றின் லேஅவுட்டை, ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவரிடம் காட்டினார்கள். பவர் டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டரும் விசிறிகளும் நேராகப் படுக்கையறை ஜன்னல்களைப் பார்த்து நின்றன. "மதிலை உயர்த்திடலாம் சார், மரமும் வெச்சிடலாம்" என்றார் இளம் பொறியாளர். பெரியவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மரின் கோர் தகடுகள் இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் உறுமல் 100 ஹெர்ட்ஸில் எழுகிறது. அதன் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். ஆள் உயர மதிலை அந்த ஒலி வளைந்து தாண்டிவிடும். ஒரு வரிசை மரம் அதற்குப் பொருட்டே இல்லை. டிரான்ஸ்பார்மர் டேங்கிலிருந்து 1.7 மீட்டர் வாக்கில் சுவர் எழுப்பினால் இடையில் எதிரொலித்து ஓசை கூடவும் கூடும். ராத்திரி லோடு இறங்கினால் விசிறிகள் ஓயும், உறுமல் ஓயாது. அது வோல்டேஜைப் பொறுத்தது. நள்ளிரவில் லைனில் வரும் வோல்டேஜ் ஏறும்போது டிரான்ஸ்பார்மரின் டேப்பை மாற்றாமல் விட்டால், தெரு அடங்கிய அந்த நேரத்தில்தான் உறுமலும் ஏறும்.

இதையெல்லாம் பெரியவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஐடிஐ படித்த ஒரு போர்மேன். புகார் வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் எழுத விடமாட்டார். புகார் கொடுத்தவர் வீட்டுக்கே நள்ளிரவில் அழைத்துப் போய், "இங்க படுத்துப் பாருங்க சார்" என்பார். அறை நடுவில் நின்றால் ஒன்றும் கேட்காது. சுவரோரம் தலையணையில் தலை வைத்தால் கேட்கும். தாழ்ந்த ஒலி சுவரருகே வலுப்பது அங்கேதான் புரிந்தது.

இப்போது புகார் வந்தால் பொறியாளர்கள் போனில் ஒலி அளக்கும் ஓர் ஆப்பைத் திறக்கிறார்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அளவு அதற்குக் கீழே வந்தால் ஃபைலை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பயன்படும் ஏ-வெயிட்டிங் என்ற அளவீட்டு முறை 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலைக் கழித்துத்தான் காட்டுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

டிரான்ஸ்பார்மரிலிருந்து சிந்தும் எண்ணெய்க்கான குழியிலும் இதே அலட்சியம். டேங்கில் 9,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் இருந்தால் சிந்துவது வடிந்து போக வழி வேண்டும் என்று விதி இருக்கிறது, குழியும் வெட்டுகிறார்கள். ஐப்பசி மழையில் அது தண்ணீரால் நிறைந்து நின்றால் எண்ணெய் எங்கே போகும்? ஜல்லி இடுக்கில் சருகும் சேறும் அடைத்துக் கிடக்கும். பம்ப் போட்டுத் தெருச் சாக்கடைக்கு விட்டால் எண்ணெயும் சேர்ந்து போகும். யார்டு மூழ்கக் கூடாதென்று மண்ணடித்து மேடாக்கிவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் நிற்பதைக் கண்டுகொள்வதில்லை.

உறுமலுக்கு மருந்து ஆரம்பத்திலேயே இருக்கிறது. டெண்டரில் ஒலி வரம்பை இறுக்கி எழுதலாம். கன்ட்ரோல் ரூம் கட்டடத்தை வீடுகளுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே வைக்கலாம். காகிதத்தில் அதற்குச் செலவே இல்லை. அடித்தளம் போட்ட பின் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி அறை கட்டுவது பெரும் செலவு. வெப்பம் வெளியேறவும் தனி ஏற்பாடு வேண்டும். லேஅவுட்டில் கையெழுத்துப் போடும் பொறியாளர்கள், அதற்கு முன் மனைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் இரவு படுத்துவிட்டு வர வேண்டும்.