21 பைட் வணக்கம்

ஏப்ரல் 5, சனி. கொக்குவில்

பெறாமகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். பஸ்கால் மொழியைப் பாடத்தில் படித்திருக்கிறாள். கணினியில் தட்டி ஓடவிட்டுப் பார்த்ததில்லை. இன்று என் லினக்ஸ் மடிக்கணினியில் இருவருமாகச் சி மொழியில் தொடங்கினோம். 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, முதற் புரோகிராம் ஆங்கிலத்தில் உலகத்துக்கு ஹலோ சொல்வதே வழக்கமாகிவிட்டது. நான் அவளை "வணக்கம்" என்று தமிழில் தட்டச் சொன்னேன்.

"சித்தப்பா, கம்பைலர் தமிழை ஏற்குமோ?"

"மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறதுக்கு அது பொருள் தேடாது பிள்ளை. அப்படியே எடுத்து வைக்கும்."

எழுதியது ஐந்தாறு வரிதான். ஜிசிசி கம்பைலர் அதைப் பொறிமொழியாக்கி, திரையில் எழுதத் தேவையான நூலகத்தோடு இணைத்து, ஏறக்குறைய 16 கிலோபைட்டில் ஓடக்கூடிய கோப்பொன்றைத் தந்தது. ஓடவிட்டோம். புள்ளி சற்றுத் தள்ளி விழுந்தாலும் திரையில் வந்தது வணக்கம்தான். அவள் கை தட்டினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாறியொன்றின் பெயரில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தோம். கம்பைலர் வரி எண்ணைச் சொல்லி மறுத்துவிட்டது, கோப்பே உருவாகவில்லை. உயர்தரத்தில் அவள் படிக்கப்போகும் பைதனில், ஓட்டம் அந்த வரிக்கு வரும்வரை இப்படியான பிழை வெளியே தெரியாது. தொடக்கத்தில் இந்தக் கண்டிப்பு நல்லதென்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றுதான் விசயமே. வணக்கத்தின் நீளத்தை அச்சிடச் சொல்லி, சி மொழியின் ஸ்டர்லென்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் சித்தப்பா இருபத்தொண்டு எண்டு காட்டுது?"

கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினேன். எங்களுக்கு வ, ண, க், க, ம் என்று 5 எழுத்து. யுனிகோட்டில் புள்ளிக்குத் தனிக் குறி உண்டு. அதனால் க், ம் இரண்டும் இவ்விரண்டு குறியாகி மொத்தம் 7. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். க என்ற எழுத்து நினைவகத்தில் 224, 174, 149 என்ற மூன்று எண்களாகக் கிடக்கிறது. ஏழு மூன்று 21. ஸ்டர்லென் எண்ணுவது பைட்டுகளை. எழுத்தென்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் ஹலோவுக்கு எழுத்தும் 5, பைட்டும் 5. அதில் தொடங்கும் பிள்ளையின் மனதில் இரண்டும் ஒன்றென்றே பதிந்துவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு படிவத்தில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கும். தமிழ்ப் பெயரில் 6 குறிதான் அதற்குள் அடங்கும். ஏழாவது நடுவில் அறுந்து, வாசிக்க முடியாத கட்டமாக நிற்கும். பெயர் அறுந்துபோன மனிதருக்கு அது சின்ன விசயமில்லை.

ஏப்ரல் 9, புதன்

எழுத்தெண்ணும் புரோகிராமை அவளே எழுதினாள். மூன்று பைட்டிலிருந்தும் 4, 6, 6 பிட்டுகளை எடுத்துச் சேர்த்தால் யுனிகோட் எண் கிடைக்கும். 3006 முதல் 3021 வரை உயிர்க்குறிகளும் புள்ளியும். அவற்றை எண்ணாமல் விட வேண்டும். வணக்கத்துக்கு 5 வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பைட் 33, எழுத்து 6. க்ஷ மட்டும் இன்னும் இரண்டாக வருகிறது. அதை நாளைக்குப் பார்ப்பாளாம்.

ஏப்ரல் 12, சனி

திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வரும்போது அவளுக்குச் சொன்னேன். கணினி விஞ்ஞானத் துறை இங்கே தொடங்கியது 1991இல். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று போயிருந்த காலம். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். தமிழ் எழுத்துகள் யுனிகோட்டின் முதற் பதிப்பில் இடம்பெற்றதும் அதே 1991இல்தான். அடுத்த ஆண்டு கென் தாம்சனும் றொப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வகுத்தார்கள். எங்கள் எழுத்துக்கு வேண்டிய அடித்தளம் அன்றைக்கே போடப்பட்டுவிட்டது. அதைக் கையாளப் பிள்ளைகளைப் பழக்குவதுதான் எங்கள் பங்கு.

கணினி படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதற் புரோகிராமைத் தமிழில் பேச வையுங்கள். அடுத்த பாடத்தில் அதன் நீளத்தை அச்சிடச் சொல்லுங்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால், அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.