கோயிலிலிருந்து எட்டாவது வீடு

கதை எழுதுகிறவன் என்று நாலு பேர் என்னைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் நான் வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் படித்த ஒரே வாசகன் ஓர் இயந்திரம். எழுத்தில் பிழை இருந்தால் அது முகம் சுளிக்காது. பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போடாது. எழுதினதை எழுதினபடியே செய்துவிட்டுச் சும்மா இருக்கும். அப்படிப்பட்ட வாசகன் கிடைப்பது பாக்கியம் என்று இளம் வயதில் நினைத்திருந்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கினவன். அதற்கு மேல் படிக்க வீட்டில் பணமில்லை. இருந்திருந்தால் படித்திருப்பேனா என்பது வேறு விஷயம். அங்கே ஆய்வுக்கூடத்தில் 8086 என்ற சிப் பொருத்திய பயிற்சிப் பலகைகள் உண்டு. ஆறு பேருக்கு ஒரு பலகை. அதற்கு அஸெம்பிளி மொழியில் எழுத வேண்டும். மற்ற மொழிகளில் 'இந்தப் பெயரைத் தேடு' என்று உத்தரவு போட்டால் காரியம் நடந்துவிடும். இதிலோ நினைவகத்தில் எந்த இடத்தில் இருப்பதை எடுத்து எந்த இடத்தில் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். சமையற்காரரிடம் 'ரசம் வையுங்கள்' என்று சொல்வதற்குப் பதில் அவருடைய விரல்களுக்குத் தனித்தனியாக உத்தரவு போடுவது போல. கூடப் படித்தவர்கள் அதை மனதார வெறுத்தார்கள். எனக்கு வெகுவாகப் பிடித்துப் போயிற்று.

அதிலே எல்லோரையும் தடுக்கி விழவைத்த சமாசாரம் ஒன்று உண்டு. நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிப்பிட ஓர் எண் போதாது. இரண்டு எண்கள் வேண்டும். ஒன்றின் பெயர் செக்மென்ட், மற்றது ஆப்செட். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டியும் வகுப்பில் பாதிப் பேருக்கு அது ஏறவில்லை. எனக்கு ஏறியதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை தபால் இலாகாவின் கதவிலக்கங்களை ஒருநாளும் அங்கீகரித்தவள் அல்ல. "பிள்ளையார் கோயில்லேருந்து எட்டாவது வீடு" என்பாள். அதே வீட்டை மறுநாள் "மாரியம்மன் கோயில்லேருந்து மூணாவது வீடு" என்பாள். இரண்டும் சரிதான். கஷ்டம் எப்போது வருமென்றால், கோயில் பெயரையே சொல்லாமல், "எட்டாவது வீட்டுக்குப் போய் மோர் வாங்கிண்டு வாடா" என்று சொம்பைக் கையில் கொடுத்து அனுப்பும்போதுதான். அவள் மனத்தில் அந்த நேரத்தில் எந்தக் கோயில் இருக்கிறதோ அதிலிருந்து எண்ண வேண்டும். தப்பான கோயிலிலிருந்து எண்ணினாலும் எட்டாவது வீடு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். அங்கே மோரும் கிடைக்கும். ஆனால் அது நம் மோர் அல்ல.

8086 அச்சாக என் அத்தைதான். அதற்குள் எண்களை ஏந்தும் ரிஜிஸ்டர் ஒவ்வொன்றும் 16 பிட் அகலம். 0 முதல் 65,535 வரைதான் அதில் அடங்கும். ஆனால் சிப் எட்டக்கூடிய நினைவகமோ 10,48,576 பைட். சின்னப் படியால் பெரிய குதிரை அளக்க வேண்டும். அதற்கு அவர்கள் செய்த உபாயம், 16 பைட்டுக்கு ஒரு கோயில் கட்டியது. செக்மென்ட் எண் எத்தனையாவது கோயில் என்று சொல்லும். ஆப்செட் அங்கிருந்து எத்தனை வீடு தள்ளி என்று சொல்லும். செக்மென்டை 16-ஆல் பெருக்கி ஆப்செட்டைக் கூட்டினால் உண்மையான இடம். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் 65,535 வீடு வரை எண்ணலாம் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு 4,096 விலாசங்கள்! இரண்டு விலாசங்கள் வேறாக இருப்பதால் இரண்டு வீடுகளும் வேறு என்று சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் நான்கு கோயில்களைத்தான் சிப் ஞாபகம் வைத்திருக்கும்: கட்டளைகளுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, அடுக்கிவைத்து எடுப்பதற்கு ஒன்று, உதிரிக்கு ஒன்று. நிரல் எழுதுகிறவன் பெரும்பாலும் ஆப்செட்டை மாத்திரம் எழுதுவான். கோயிலைச் சிப்பே ஊகித்துக்கொள்ளும்.

இப்படி ஒரு ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று கோபம் வருவது இயல்பு. அப்போது எனக்கும் வந்தது, இப்போது இல்லை. 1976-இல் இன்டெல் கம்பெனியில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் இதன் கட்டளைகளை வகுக்கத் தொடங்கினார். அந்தக் கம்பெனி உண்மையில் நம்பியிருந்தது வேறொரு பிரமாண்டமான சிப்பை. அது தாமதமாகிக்கொண்டே போயிற்று. அதுவரை ஒப்பேற்ற ஒரு சிப் வேண்டும். பழைய 8080-க்கு எழுதின நிரல்களை அதிகக் கஷ்டமில்லாமல் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும். பழையதற்கு மொத்தமே 64 கிலோபைட்தான். அவ்வளவு இடத்தை ஒரு செக்மென்டாக்கி, அப்படிப் பலவற்றை வரிசையாக வைத்தால் தீர்ந்தது. 1978-இல் 8086 வெளிவந்தது. 1981-இல் அதன் தம்பி 8088-ஐ ஐ.பி.எம். தன் சிறிய கம்ப்யூட்டரில் வைத்தது. நம்பியிருந்த பெரிய சிப் வந்தது, போயிற்று. ஒப்பேற்ற வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான். இன்று விற்கிற இன்டெல் வகைக் கம்ப்யூட்டரும் மின்சாரம் பாய்ந்தவுடன் கண் விழிப்பது அந்தப் பழைய 16 பிட் முறையில்தான்.

1998-இல் டிப்ளமோ முடித்து ஒரு சிறிய கம்பெனியில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தேன். மூன்று மேஜை, ஒரு முதலாளி. கடைகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுப்பது தொழில். அதில் ஒன்று ஒரு நகைக்கடை. மாதச் சீட்டுக் கட்டுகிறவர்களின் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் புதிதாக வாங்க மனமில்லை. எங்கேயோ கழித்துக் கட்டின 8088 இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருந்தார்கள். அதிலே பெயர் தேடினால் காபி குடித்துவிட்டு வரலாம். "நான் அஸெம்பிளியில் எழுதுகிறேன்" என்று மார்தட்டினேன். கர்வம்தான். எழுதியும் விட்டேன். காலையில் பேரேடு முழுவதும் தட்டிலிருந்து நினைவகத்துக்கு வரும். ராத்திரி கடை சாத்தும்போது திரும்பத் தட்டுக்குப் போகும். ஒரு பெயருக்கு 32 பைட். தேடினால் கண் மூடித் திறப்பதற்குள் கிடைக்கும். கடை முதலாளி எனக்கு ஒரு வேஷ்டி கொடுத்தார்.

கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றுகிற வேலை அங்கே முப்பது வருஷம் பேனாவால் கணக்கு எழுதின ஒரு பெரியவருடையது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். ஒவ்வொரு பெயரையும் அடித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அவருக்கு எல்லாருமே 'தம்பி'தான். எனக்கு அவர் 'ஐயா'.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் காலை ஆள் வந்தது. இட்லி வியாபாரம் செய்கிற ஓர் அம்மாள், சீட்டு ஆரம்பித்த நாளிலிருந்து கட்டுகிறவர், பேரேட்டில் முதல் பெயர். அந்த வருஷம் 9 மாதம் கட்டியிருந்தார். அவர் பெயரைக் காணோம். அந்த இடத்தில் இருந்தது வேறொரு பெண்ணின் பெயர். அந்தப் பெண் பெரியவருடைய தங்கை மகள். முந்தின நாள்தான் அவர் அவளைச் சேர்த்திருந்தார். அவள் பெயர் பட்டியலின் தலையிலும் இருந்தது, வாலிலும் இருந்தது.

அம்மாளிடம் அட்டை இருந்ததால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கடை முதலாளி எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டார்: "தம்பி, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. மெஷின் தானா ஒரு பேரை எடுத்துட்டு இன்னொரு பேரை எழுதுமா?"

"எழுதாதுங்க. நாம போடுறதைத்தான் எழுதும்" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

அன்று ராத்திரி அறையில் தூக்கம் வரவில்லை. பட்டியலில் மொத்தம் எத்தனை பெயர் என்று பார்த்து வந்திருந்தேன்: 2,049. ஏதோ தோன்றி எழுந்து ஒரு காகிதத்தில் பெருக்கினேன். 2,048 பெயர், பெயருக்கு 32 பைட், ஆக 65,536. செக்மென்ட் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் எண்ணினால் 'வீடு இல்லை' என்று சிப் சொல்லாது. ஆப்செட் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதாவது கோயில் வாசலுக்கே. 2,049-ஆவதாக வந்த பெண்ணை என் நிரல் கைப்பிடித்து அழைத்துப்போய் இட்லி அம்மாளின் வீட்டில் குடிவைத்துவிட்டது. தட்டில் திரும்ப எழுதும்போதும் அதே சுற்று. தலைக்கு ஒரு தரம், வாலுக்கு ஒரு தரம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் 32-ஐக் கூட்டிக்கொண்டே போகையில், கூட்டல் 16 பிட்டைத் தாண்டினால் சிப் கேரி என்ற ஒரு கொடியைத் தூக்கும். பெரியவர் அந்தப் பெயரை ஏற்றிய கணத்திலும் அது கொடியைத் தூக்கத்தான் செய்தது. பார்க்கும்படி நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அடுத்த கட்டளையில் கொடி இறங்கிவிட்டது.

காலையில் என் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. இதே நிரலை இன்னும் இரண்டு கடைகளில் கொடுத்திருந்தார். மூன்று மாத வாடகை பாக்கி. "சத்தம் போடாம சரி பண்ணிட்டு வாங்க, தம்பி. அந்தப் பெரியவர் விஷயம் அவங்க வீட்டு விஷயம்" என்றார்.

போனேன். திருத்தம் நாலே வரி. கொடி எழவில்லையென்றால் தாண்டிப் போ. எழுந்திருந்தால் செக்மென்டை எடு, 4,096-ஐக் கூட்டு, திரும்ப வை. தங்கை மகள் அடுத்த செக்மென்டின் முதல் வீட்டுக்குக் குடிபோனாள். இட்லி அம்மாளின் பெயரை அட்டையைப் பார்த்து நானே அடித்தேன்.

அடித்துக்கொண்டிருக்கையில் பெரியவர் வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டதாக வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். மேஜை டிராயரில் இருந்த பொடி டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டார். குடையைத் தேடினார், அது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

திரையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"சரியாயிடுச்சா, தம்பி?"

"ஆயிடுச்சுங்க, ஐயா."

"எங்கே கோளாறு?"

கடை முதலாளி கல்லாவில் இருந்தார். பத்தடி தூரம்கூட இல்லை.

"சின்னதுதாங்க" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்குமுன் குடையை விரித்துக்கொண்டார்.