கராஜில் இருந்த பிஸ்கட் டின்

எங்கள் வீட்டுக் கராஜில், ஆணிப்பெட்டிக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் எட்டு மாதம் ஒளிந்திருந்தது. உள்ளே பிஸ்கட் இல்லை. பிரஷருக்குத் தந்த மூன்று குளிசைகளில் நான் விழுங்காமல் விட்ட சலக்குளிசைகள். குளிசை அட்டையை மனைவி எண்ணிப் பார்ப்பாள். அதனால் ஒவ்வொரு நாளும் ஒன்றை உடைத்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன்.

நான் மெல்பேர்ணில், டண்டினோங் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். விடிய ஐந்து மணிக்கு முதல் ஓட்டம். சலக்குளிசை போட்ட அன்று ஸ்பிரிங்வேல் ரோட்டு நெரிசலில் அடிவயிறு முட்டிவிடும். பஸ் நிறையச் சனத்தை இருத்திவிட்டு எங்கே இறங்கி ஓடுவது? பிரஷரோ எனக்கு ஒரு நோவும் தரவில்லை. நோவு தந்தது குளிசைதான். விட்டேன். ஒன்றை விட்டுப் பழகியபின், அவசர நாட்களில் மற்ற இரண்டையும் விடுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்ப டொக்டர் என் மகள் வயதுத் தமிழ்ப் பிள்ளை. 172க்கு 98 என்று கண்டதும் கேட்டார்: “அங்கிள், மூண்டையும் ஒழுங்காப் போடுறீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை, ஒருநாளும் விடுறேல்லை.”

அவர் நம்பினார். அளவைக் கூட்டினார். அதற்கும் இறங்கவில்லை. சலக்குளிசை உட்பட மூன்று மருந்து எடுத்தும் அடங்காத பிரஷருக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அந்தப் பெயரோடு என்னை ஒரு நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர்தான் சிறுநீரக நரம்புச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

தொடை மடிப்பில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரக நாடிவரை செலுத்துவார்கள். உப்பையும் நீரையும் பிடித்து வை என்று சிறுநீரகத்தைத் தூண்டும் நரம்புகள் அந்த நாடியைச் சுற்றித்தான் ஓடுகின்றன. உள்ளிருந்தே சூடு கொடுத்து அவற்றைச் செயலிழக்கச் செய்வார்கள். பெரிய வெட்டும் இல்லை, உள்ளே எதையும் பொருத்துவதும் இல்லை. இந்த முறையில் மனிதருக்கு முதன்முதலில் செய்தது 2007இல், எங்கள் மெல்பேர்ணிலேயே. ஹென்றி குரும், மரி எஸ்லர் குழுவினரின் முதல் முடிவுகள் 2009இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நானே கண்டுபிடித்ததுபோல் இதையெல்லாம் அளந்தேன். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: “குளிசை கேக்காத பிரஷரோ உங்களுக்கு?” நான் ரசத்தைக் கிண்டினேன்.

பிறகு பஸ் தரிப்பிடத்தில் இருந்து மேலும் வாசித்தேன். 2014இல் வெளியான, அமெரிக்காவில் 535 பேரை வைத்துச் செய்த ஆய்வு இந்தச் சிகிச்சையின் பெயரையே கெடுத்துவிட்டது. ஒரு பகுதியினருக்கு நரம்பைச் சுட்டார்கள். மற்றவர்களுக்குச் சுடுவதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிகளுக்கே தெரியாது. ஆறு மாதத்தில் சுடப்பட்டவர்களுக்கு மேல் அழுத்தம் 14 அளவில் இறங்கியது. சுடப்படாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 12 இறங்கியது! ஒன்றுமே செய்யாமல் எப்படி? சுட்ட டொக்டர்களின் கைப்பழக்கம் போதவில்லை என்பது உட்படப் பல காரணங்கள் சொன்னார்கள். அவற்றில் ஒன்றை வாசித்தபோது எனக்கு வியர்த்தது: கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிலர் குளிசையை ஒழுங்காக விழுங்கத் தொடங்கியிருக்கலாம். 2018இல் வெளியான வேறொரு ஆய்வில் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார்கள். சோதிப்பார்கள் என்று தெரிந்தும், சொன்னபடி மருந்து எடுத்தவர்கள் 60 சதவீதம் அளவில்தான்.

உலகம் முழுக்கப் பிஸ்கட் டின்கள் இருந்திருக்கின்றன.

அடுத்த கிழமை டின்னைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போய் மேசையில் கவிழ்த்தேன். வெள்ளைக் குளிசைகள் உருண்டு விசைப்பலகைக்குக் கீழே போயின. அவர் கோபிக்கவில்லை. “ஏன் அங்கிள்?” என்றார். பஸ்ஸையும் ஐந்து மணி ஓட்டத்தையும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வழி கிடைத்தது. மற்ற இரண்டு மருந்தையும் ஒரே குளிசையாக்கினார். சலக்குளிசையை வேலை முடிந்து வீடு வந்தபின் போடச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கிழமைக் கணக்கில் அறை அறையாக அடுக்கித் தரும் அட்டைக்கும் ஏற்பாடு செய்தார். ஆறு கிழமையில் 136க்கு 82.

அந்தச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் அதை மீட்டெடுத்தன. 2023 நவம்பரில் அமெரிக்கா இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. தருகிற இறக்கம் ஏறக்குறைய ஒரு குளிசை அளவு. ஒழுங்காக மருந்தெடுத்தும் அடங்காதவருக்கு அது பெரிய ஆறுதல். எனக்கோ, விழுங்காத ஒரு குளிசைக்குப் பதிலாக நாடிக்குள் கம்பி விடச் சம்மதித்த கதை. டொக்டரிடம் ஒரு வசனம் சொல்ல வெட்கப்பட்டவன், தொடையைத் துளைக்க வெட்கப்படவில்லை.

இப்போது அந்தப் பிள்ளை என்னிடம் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்: “போன மாசம் எத்தினை நாள் தவறினது, அங்கிள்?”

“மூண்டு நாள், பிள்ளை.”

எழுதிக்கொள்கிறார்.